ஆச்சி வீடு (குழு)

திங்கள்

சுதன்: ஞாயிறு ஆச்சி மோசம்போன 31ஆம் நாள் காரியம். துணிப்பந்தலோ தகரமோ எண்டு பந்தல்காரர் இண்டைக்கே சொல்லட்டாம். மழை என்ன மாதிரி?

தர்சி: என்ர போனில வியாழன் மட்டும் வெயில் எண்டு கிடக்கு

தர்சி: இஞ்ச சங்கானையில இப்ப ஊத்துது

பெரியம்மா: தூளுக்குக் காயப்போட்ட மிளகாய் முழுக்க நனைஞ்சிட்டுது. காலமை என்ன வெயில்

மணியம் மாமா: எல்லாருக்கும் விளங்கச் சொல்லுறன். ஐப்பசி கார்த்திகையில எங்கட மழை வங்காள விரிகுடாவாலதான். இப்ப இலங்கைக்குத் தென்கிழக்கில ஒரு தாழமுக்கம் நிக்குது. அது வடமேற்கால வந்தால் 2020 டிசம்பரில புரெவிப் புயல் வந்த மாதிரி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில ஏறி எங்களை நிரப்பிப்போட்டுத்தான் போகும். கொஞ்சம் வடக்கால திரும்பினால் தமிழ்நாட்டுப் பக்கம் போயிடும், எங்களுக்கு மப்பும் வாடைக்காத்தும்தான். எந்தப் பக்கம் எண்டு வியாழனுக்கு முந்தி அறுதியாச் சொல்லேலாது. அதாலதான் காலமை ஒரு கதை, பின்னேரம் ஒரு கதை. சொல்லுறவையில பிழையில்லை.

தர்சி: அப்ப தகரமோ துணியோ மாமா

குட்டி மாமா: அண்ணை, 2008ல நிஷாப் புயல் காரைக்கால் பக்கம்தான் ஏறினது. சண்டையால பாதையும் பூட்டி, சாமானும் இல்லாமல், மேசைக்கு மேல படுத்தது மறந்துபோச்சோ?

மணியம் மாமா: அது வேற. நிஷா கரையேற முந்தி எங்களுக்குக் கிட்ட ஆறுதலா நிண்டு ஊத்தினது. விளக்கமா எழுதுறன், பொறு

சுதன்: வேண்டாம் மாமா

செல்வி சித்தி கனடா: (வீடியோ)

செல்வி சித்தி கனடா: ஐயோ யாழ்ப்பாணத்தில கார் எல்லாம் மிதக்குதாம். கவனம் பிள்ளையள்

தர்சி: சித்தி உது சென்னை. நம்பர் பிளேட்டைப் பாருங்கோ

செல்வி சித்தி கனடா: வேலையிடத்தில ஒருத்தி அனுப்பினவள். இஞ்சயும் சினோ கொட்டுது

புதன்

சுதன்: பந்தல்காரர் திரும்ப எடுத்தவர்

பெரியம்மா: மாதகல்ல இருந்து ஒருத்தரும் கடலுக்குப் போகேல்லையாம். மீன்காரர் சொன்னவர்

தர்சி: 31 முடிய முந்தி மீன்காரரோட என்ன கதை அம்மா

பெரியம்மா: விலை மட்டும் கேட்டனான்

சுதன்: கீரிமலையில கடல் இரையுதாம். இறங்கி முழுக ஏலாட்டிக் கேணியில முழுகலாம் எண்டு குருக்கள் சொல்லுறார். 31ஆம் நாளை மாத்த ஏலாதாம்

மணியம் மாமா: பந்தலை விடுங்கோ. தண்ணியைப் பற்றி யோசிச்சனீங்களோ? ஒரு சதுர மீற்றரில 1 மில்லிமீற்றர் மழை எண்டால் 1 லீற்றர். ஆச்சி வீட்டு முத்தம் 2 பரப்பு, கிட்டத்தட்ட 500 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் பெய்தால் 50,000 லீற்றர். தண்ணி ஏத்துற பவுசரால எண்டால் ஆயிரம் லீற்றர்ப் பவுசர் 50. முந்தி உது ஒழுங்கை வாய்க்காலுக்கு ஓடும். இப்ப ஓட இடமில்லை.

(அரை மணித்தியாலமா ஒருத்தரும் ஒண்டும் எழுதேல்ல)

குட்டி மாமா: மதில் கதையை 31 முடியக் கதைப்பம்

பெரியம்மா: நான் ஒண்டும் சொல்லேல்ல

செல்வி சித்தி கனடா: அம்மா இருக்கேக்க ஒரு ஓட்டை விடச் சொன்னவ எல்லே

குட்டி மாமா: விட்டனான். அதில கோழிக்கூட்டை வைச்சு அடைச்சது ஆர்?

பெரியம்மா: கோழி போன வருசமே செத்துட்டுது

தர்சி: கூடு கிடக்குத்தானே அம்மா

வெள்ளி

தர்சி: இப்ப என்ர போனில ஞாயிறு முழுக்க மழை. சனி வெயில்

மணியம் மாமா: நான் அப்பவே சொன்னனான்

சுதன்: எதைச் சொன்னனீங்கள் மாமா?

பெரியம்மா: அடுப்பை எங்க மூட்டுறது? விறகும் ஈரம்

குட்டி மாமா: என்ர கராஜில சமைக்கட்டும். காரை வெளியில விடுறன்

பெரியம்மா: பாப்பம்

குட்டி மாமா: அலவாங்கு ஆரிட்டக் கிடக்கு?

பெரியம்மா: என்னட்டத்தான். அப்பாட அலவாங்கு

குட்டி மாமா: மழை விட்டால் பின்னேரம் வாறன். அக்கா, கூட்டைத் தள்ளி வையுங்கோ

மணியம் மாமா: பொறு தம்பி, எத்தினை அங்குலம் உடைக்கிறது எண்டு கணக்குப் பார்த்துச் சொல்லுறன்

சுதன்: அப்ப பந்தல்?