குட்டி யானை மேல் பாப்-அப் கேம்பர்: கடலூரிலிருந்து என் அனுபவம்

நான் கடலூர், மஞ்சக்குப்பம். குட்டி யானையின் பின்தட்டில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றவும் உள்ளேயே தூங்கவும் ஒரு பெட்டி செய்திருக்கிறேன், நிறுத்திய இடத்தில் அதன் கூரையை மேலே ஏற்றிக்கொள்ளலாம், இதைத்தான் பாப்-அப் கேம்பர் என்கிறோம். இந்த இழையில் சிலர் கேட்டிருந்தீர்கள், அவ்வளவு சின்ன கேம்பருக்குள் சாமானை எங்கே வைக்கிறீர்கள், ராத்திரி புழுக்கத்தில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று. என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே கேள்விதான். நம் கடற்கரைப் பக்கம் அலமாரி கூடக்கூட காற்று குறையும், காற்று இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல மெத்தை போட்டும் தூக்கம் வராது. அதனால் முதலில் காற்றுக்கு வழி விட்டேன், மிச்சம் இருந்த இடத்தில்தான் சாமான்.

வண்டி டாடா ஏஸ் பெட்ரோல், அதாவது நம் குட்டி யானை. 750 கிலோ ஏற்றலாம், பின்தட்டு ஏழடிக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், அகலம் ஐந்தடியைத் தொடாது. கேம்பர் பெட்டி தனி. நான்கு மூலையிலும் டர்ன்பக்கிள் (திருகி இறுக்கும் கொக்கி) போட்டு இறுக்கியிருக்கிறேன், வேண்டாதபோது இறக்கி வைத்துவிடலாம். பாடியை வெட்டவோ மாற்றவோ நினைப்பவர்கள் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவை மனதில் வையுங்கள், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். வண்டி ஓடும்போது பின்னால் யாரையும் உட்கார வைக்கவும் கூடாது, இதில் சமரசமே வேண்டாம்.

பாப்-அப்பின் நல்லது என்னவென்றால் கூரையை இறக்கினால் உயரம் குறைந்துவிடும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பக்கக் காற்று அடிக்கும்போது ஸ்டியரிங்கில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். நிறுத்தி ஏற்றினால் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம். ஆனால் மேல்பாதி முழுக்கத் துணி, அலமாரி மாட்டச் சுவரே கிடையாது. கூரை இறங்கும்போது படுக்கைக்கு மேல் எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறதோ அதற்குள் தலையணை, போர்வை எல்லாம் அடங்கியாக வேண்டும். உள்வேலை தொடங்கும் முன் இந்த ஓர் அளவை எடுத்துவிடுங்கள், மற்ற அளவெல்லாம் இதிலிருந்துதான் வரும்.

கூரையைத் துறைமுகப் பக்கம் ஃபைபர் போட் செய்கிறவர்களிடம் கொடுத்தேன். உப்புக்காற்றில் எது நிற்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. துணி வேலைக்கு முதுநகரில் லாரித் தார்ப்பாய் தைக்கிற பெரியவர் ஒருவர் கிடைத்தார். நான் கொண்டுபோன வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி, மழைத்தண்ணி துணி வழியா வராது, ஊசி ஓட்டை வழியாத்தான் வரும்” என்றார். ஒவ்வொரு தையலையும் இரண்டாக மடித்து, மடிப்பின் வாய் கீழே பார்க்கும்படி வைத்துத் தைத்தார். தையல் மேல் மெழுகு தேய்த்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஓட்டை அடையும் வரை விடவில்லை. ஜன்னலுக்கு மேலே நான்கு விரல் அளவுக்குத் துணியை நீட்டி விட்டதும் அவர் யோசனைதான். இதனால் ஐப்பசி மழையிலும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வைக்க முடிகிறது, உள்ளே நெட்லான் கொசுவலை. முழுக்க மூடிப் படுத்தால் மூச்சுக்காற்றின் ஈரமே விடிகிறபோது துணியில் துளித்துளியாக நிற்கும்.

இனி சாமான். வலது பக்கம் முழு நீளத்துக்கு ஒரு பெஞ்ச், மூடியைத் தூக்கினால் மூன்று அறை. ராத்திரி பெஞ்சிலிருந்து ரீப்பர் கட்டைகளை இழுத்தால் நாலடிப் படுக்கை ஆகிவிடும். கட்டைகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி உண்டு, மேலே கோரைப்பாய், அதன் மேல் தென்னைநார் மெத்தை. ஸ்பாஞ்ச் மெத்தையைப் பலகை மேல் நேராகப் போட்டால் அடிப்பக்கம் பூஞ்சை பிடிக்கும், அதற்காகத்தான் இவ்வளவும்.

கூரைக்கு அடியில் மீன்வலை கட்டியிருக்கிறேன். தேவனாம்பட்டினத்தில் வலை பின்னுகிற ஓர் அண்ணன் அளவெடுத்துக் கட்டிக்கொடுத்தார். துண்டு, லுங்கி, பெட்ஷீட் எல்லாம் அதில் கிடக்கும், காற்றும் தடைபடாது, கூரையை இறக்கினால் வலையும் தளர்ந்து மெத்தை மேல் படுத்துக்கொள்ளும். கனமான பொருள், கண்ணாடி எதுவும் அதில் வைக்கக் கூடாது. பாத்திரம், அரிசி, பருப்பு எல்லாம் துணிப்பைகளில் பெஞ்சுக்குள் போய்விடும். டிராயர் ஒன்றே ஒன்றுதான், அதுவும் அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் வகை.

எடையைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லத் தோன்றுகிறது. எட்டடிக்கு நாலடி மரைன் பிளை (ஈரம் தாங்கும் பிளைவுட்) 12 மி.மீ. ஒரு தகடே 23 கிலோ பக்கம் வரும், 18 மி.மீ. என்றால் 35 கிலோ. வீட்டு வேலைக்குப் பழகிய ஆசாரி கை தானாக 18-க்குத்தான் போகும். பெஞ்சின் மேல் மூடிக்கு மட்டும் 12, மற்றதெல்லாம் 9 அல்லது 6 போதும் என்று பக்கத்திலேயே நின்று சொல்லுங்கள். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, இருபது லிட்டர் கேன் இரண்டும் பேட்டரியும் கேபினை ஒட்டி, பின் அச்சுக்கு முன்னால் இருக்கட்டும். இன்னொன்று, அலுமினியத்தில் ஸ்டீல் திருகு போட்டால் நடுவில் நைலான் வாஷர் கட்டாயம். இரண்டு உலோகமும் உப்பீரத்தில் ஒட்டியிருந்தால் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து போகும். திருகு 316 கிரேடு (உப்புக்காற்றைத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

மின்சாரத்துக்கு 100 ஆம்பியர்-அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, 1280 வாட்-அவர் இருக்கும். 15 வாட் ஃபேன் எட்டு மணி நேரம் ஓடினால் 120 தான் போகும். ஃப்ரிட்ஜ்தான் தின்னும்: ஓடும்போது 45 வாட் என்றாலும் நம் வெயிலில் பாதி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 540. அதனால் நான் ஃப்ரிட்ஜ் வைக்கவில்லை, மோரும் மண்பானைத் தண்ணீரும் போதும். சோலார் பேனலைக் கூரையில் போடுகிறவர்கள் அந்த எடையையும் சேர்த்துக் கணக்குப் போட்டு கேஸ் ஸ்ட்ரட் (கூரையைத் தூக்கி நிறுத்தும் வாயுத் தண்டு) வாங்குங்கள், இல்லாவிட்டால் ஏற்றிய கூரை நிற்காது. சமையல் எப்போதும் வெளியேதான். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தங்கும், நாம் படுப்பதும் கிட்டத்தட்ட அதே மட்டத்தில்.

அரியாங்குப்பத்திலிருந்து ஓர் உறுப்பினர்:
தம்பி, நாங்களும் வண்டி கட்டிக்கொண்டு கோயில் குளம் என்று சுற்றுகிறவர்கள்தான், எனக்கும் அவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. படுக்கை, சாமான் எல்லாம் விட ஏறி இறங்குவதுதான் எங்களுக்குப் பாடு. மடக்கு ஏணி வாங்கினோம், ராத்திரி தூக்கக் கலக்கத்தில் கால் வைக்கவே பயமாக இருந்தது. அப்புறம் அகலமான இரண்டு படி மரப்பெட்டி செய்து, உள்ளே செருப்பும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் வைத்துக்கொண்டோம், வாசலில் கைப்பிடிக் கம்பி ஒன்று. இப்போது சிதம்பரம் போய்வந்தால் கால்வலி இல்லை. நீங்கள் ராத்திரி பாத்ரூமுக்கு என்ன செய்கிறீர்கள்?

என் பதில்:
அம்மா, படியையே பெட்டியாக்கினது அருமை, எங்கள் அம்மாவுக்காக இதை அப்படியே செய்யப் போகிறேன். பாத்ரூம் இருக்கிற பெட்ரோல் பங்க்கில் கேட்டுக்கொண்டுதான் வண்டியை நிறுத்துவேன். பெரியவர்கள் கூட வந்தால் இறுக்கமான மூடி போட்ட வாளி, மேலே உட்காரும் சீட், உள்ளே தேங்காய் நார்த்தூள் வைத்துக்கொள்வோம். ஈரத்தை நார்த்தூள் இழுத்துக்கொள்ளும், நாற்றமும் குறையும். பெஞ்சின் கடைசி அறை அதற்குத்தான், கதவை ஒட்டி இருப்பதால் வெளியில் நின்றபடியே எடுத்துவிடலாம்.