சங்கம் இருந்தால் பெண்களுக்குக் கூலி கூடுமா? மூணாறை வைத்துப் பேசுவோம்

கொழுந்துக்கூடை:
தொழிற்சங்கம் வலுவாக இருந்தால் ஆண்-பெண் ஏற்றத்தாழ்வு தானாகக் குறையும் என்கிறார்கள். கேரளத் தேயிலைத் தோட்டங்களில் சங்கத்துக்கா பஞ்சம்? சிஐடியு, ஐஎன்டியுசி, ஏஐடியுசி மூன்றுமே அங்கே வேரூன்றியவை. அப்படியிருந்தும் 2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் கம்பெனி போனஸை 10 சதவீதமாகக் குறைத்தபோது என்ன நடந்தது? கொழுந்து கிள்ளும் நம் தமிழ்ப் பெண்கள் சங்கத் தலைவர்களை அண்டவிடாமல் விரட்டிவிட்டு, ‘பெண்கள் ஒற்றுமை’ என்ற பெயரில் தாங்களே சாலையில் உட்கார்ந்தார்கள். போனஸும் கருணைத் தொகையுமாக 20 சதவீதம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். சந்தா கட்டுவது பெண்கள், பேச்சுவார்த்தைக்குப் போவது ஆண்கள். இதற்குப் பெயர் கூட்டு பேரமா?

செந்துண்டு:
போனஸ் வரைக்கும் சரி. கூலிக்கு வாங்க. அன்றைக்கு நாள் கூலி 232 ரூபாய், கேட்டது 500. அது முடிவானது சாலையில் இல்லை. அரசு, முதலாளிகள், சங்கங்கள் மூன்று தரப்பும் உட்காரும் தோட்டத் தொழிலாளர் கமிட்டியில்தான். அக்டோபரில் தேயிலைக்கு 301, ரப்பருக்கு 381 என்று முடிவானது. மறியலுக்கே வராத வயநாட்டுப் பெண்ணுக்கும் அதே 301 கிடைத்தது. மறியலால் ஒரு கம்பெனியை மடக்கலாம். மாநிலம் முழுக்கக் கூலி கூட ஒப்பந்தம் வேண்டும்.

கொழுந்துக்கூடை:
268 கூடுதலாகக் கேட்டு 69 வாங்கியதைச் சாதனை என்கிறீர்கள். அந்தப் பெண்கள் உட்கார்ந்திருக்காவிட்டால் அந்த 69-ம் அத்தனை சீக்கிரம் வந்திருக்குமா?

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் தேயிலை விலையை மறந்துவிட்டீர்கள். ஏலத்தில் கிலோவுக்கு என்ன கிடைக்கிறதோ அதிலிருந்துதான் கூலி. கூலியை ஏற்றினால் கம்பெனி கிலோ கணக்கை, அதாவது ஒருவர் நாளுக்குக் கிள்ள வேண்டிய கொழுந்தின் அளவை, ஏற்றும், இல்லையென்றால் ஜார்க்கண்ட், அசாமிலிருந்து ஆள் கொண்டுவரும். மூணாறில் அதுதான் நடக்கிறது.

கொழுந்துக்கூடை:
அந்தக் கிலோ கணக்கைத்தான் நானும் சொல்ல வந்தேன். 1976 சம ஊதியச் சட்டத்துக்குப் பிறகு காகிதத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. ஆனால் தினமும் தராசில் நிற்பது பெரும்பாலும் பெண்கள்தான். என் சித்தி அட்டைக்கடியோடு ஈரத்தில் நின்று நிறைத்த சாக்கில், இலையில் இருக்கும் ஈரத்துக்காக ‘தண்ணிக்கழிவு’ என்று எடையில் சூப்பர்வைசர் கொஞ்சம் கழித்துவிடுவார். ஃபேக்டரியிலும் மருந்தடிப்பிலும் இருக்கும் ஆண்களுக்கு அந்தத் தராசு கிடையாது. கூலி ஒன்று, அதை வாங்கப் படுகிற பாடு வேறு. எத்தனை கிலோ என்று பேசும் இடத்தில் கூடை சுமக்கிறவள் இல்லையென்றால் இதை யார் எடுத்துச் சொல்வது?

மஸ்கெலியாக்காரன்:
இலங்கையிலிருந்து ஒரு வார்த்தை. எங்களுக்கு ஆண், பெண் சம சம்பளம் வந்ததே 1984-இல், தோட்ட வேலைநிறுத்தத்தின் பலனாக. சங்கம் இல்லாமல் அது வந்திருக்காது. ஆனால் 2021-இல் அரசின் சம்பள சபை நாளுக்கு 1000 ரூபாய் என்று விதித்ததும் கம்பெனிகள் சங்கங்களோடு போட்டிருந்த கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகிவிட்டன. அதற்குப் பிறகு பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டினார்கள். எடுக்க முடியாதவர்களுக்கு அரைப்பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம். அரைப்பேர் யாருக்கு விழுகிறது? கொழுந்தெடுக்கிற பெண்களுக்கு. சங்கத்தைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஒப்பந்தம் கைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள் அக்கா.

செந்துண்டு:
அதைத்தான் நானும் சொல்கிறேன். சங்கத்துக்குள் வந்து மாற்றுங்கள். வெளியே நின்ற ‘பெண்கள் ஒற்றுமை’ என்ன ஆனது? தலைமைக்குள்ளேயே பிளவு.

கொழுந்துக்கூடை:
பிளவு வந்தது உண்மைதான். உங்கள் சங்கங்களில் வராத பிளவா? அதே 2015 நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் அவர்கள் தேவிகுளம் ஒன்றியத்தில் ஜெயித்தார்கள், கிராமப் பஞ்சாயத்திலும் ஜெயித்தார்கள். கேரள உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம். தோட்டத்தில் உழைக்கிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். சம்பளப் பேச்சுக்குப் போகும் உங்கள் குழுவுக்கு மட்டும் ஏன் அந்த விதி இல்லை? ‘உள்ளே வாருங்கள்’ என்கிறீர்கள், நாற்காலியைக் காலி செய்யச் சொன்னால் பேச்சை மாற்றுகிறீர்கள்.

செந்துண்டு:
பாதி இடத்துக்கு நான் எதிரியில்லை. ஆனால் பேச்சுக்கு வருகிறவருக்குக் கணக்கு தெரிய வேண்டும், ஏல விலை தெரிய வேண்டும், சட்டம் தெரிய வேண்டும். அனுபவம் வேண்டாமா?

மஸ்கெலியாக்காரன்:
அண்ணே, தண்ணிக்கழிவுக் கணக்கு அவர்களை விட யாருக்குத் தெரியும்?