யூரியா சோதனையில் என்தால்பி குறைவாகவே வருகிறது, யாராவது உதவுங்கள்

வணக்கம். பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். வெப்பத்தை உறிஞ்சும் மாற்றம்கூடத் தன்னிச்சையாக நடக்கும், அங்கே என்ட்ரோபிதான் (துகள்களின் ஒழுங்கின்மை) ஜெயிக்கிறது என்று காட்ட யூரியாவைத் தண்ணீரில் கரைக்கிறோம். டம்ளர் ஜில்லென்று ஆனதும் பிள்ளைகள் முகத்தைப் பார்க்கணும்! சிக்கல் கணக்கில்தான்.

100 மி.லி. தண்ணீர், 12 கிராம் யூரியா. வெப்பநிலை 31 டிகிரியிலிருந்து 26-க்குத்தான் இறங்குகிறது. என்தால்பி, அதாவது கரையும்போது உறிஞ்சும் வெப்பம், மோலுக்கு 11.7 கிலோ ஜூல் வருகிறது. வர வேண்டியது சுமார் 15. தெவிட்டிய கரைசலை வைத்துப் போட்ட கிப்ஸ் கட்டிலா ஆற்றல் மாற்றம் (மைனஸில் வந்தால் தன்னிச்சையாக நடக்கும் என்று அர்த்தம்) மட்டும் மைனஸ் 5.8 கிலோ ஜூல் என்று ஒழுங்காக வருகிறது. என்தால்பியிலிருந்து இதைக் கழித்து வெப்பநிலையால் வகுத்தால்தான் என்ட்ரோபி மாற்றம்; அதனால் அதுவும் கெல்வினுக்கு 70 ஜூலை எட்டாமல் 57-லேயே நின்றுவிடுகிறது.

எவர்சில்வர் டம்ளரை விட்டு மூடி போட்ட தெர்மாகோல் கப்புக்கு மாறியாச்சு. வெப்பமானியை உருகும் ஐஸில் வைத்துப் பார்த்தேன், பூஜ்யம் காட்டுகிறது. குருணையைப் பொடித்தும் போட்டேன். சீக்கிரம் கரைகிறது, ஆனால் அதே 26.

யூரியா உரக்கடை மூட்டைதான், வேப்பெண்ணெய் பூசியது. போன மழைக்கு முன்பே பிரித்தது, கட்டி தட்டியிருக்கிறது.

இதையே உலர்த்திப் பயன்படுத்தினால் சரியாக வருமா, இல்லை சேலம் போய் ஆய்வகத் தர யூரியா வாங்கியே ஆகணுமா?