புதுப்பிப்பு: பெரியப்பாவின் புரொஸ்டேட் புற்றுநோயும் ஆயுட்கால மதிப்பீடும்

கிளிநொச்சியில் வசிக்கும் 78 வயதுப் பெரியப்பாவுக்குப் புரொஸ்டேட் புற்றுநோய் உறுதியானதைச் சொல்லி, கதிர்வீச்சுச் சிகிச்சையைத் தீர்மானிக்குமுன் வைத்தியர் ஏன் அவருடைய ஆயுட்காலத்தைக் கணிக்கிறார் என்று முன்பு கேட்டிருந்தேன். கிளினிக்கில் விளக்கம் கிடைத்தது.

கட்டி, ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள இந்தப் புரொஸ்டேட் சுரப்பிக்குள்ளேயே அடங்கி மெதுவாக வளர்வதாயின், சிகிச்சையின் பயன் பல ஆண்டுகள் கழித்தே தெரியவரும். சிறுநீர், குடல் உபாதைகளோ உடனேயே தொடங்கிவிடலாம். ஆகவேதான், இன்னும் 10 ஆண்டுகள் வாழ்வாரா என்பதை வழிகாட்டல்கள் எல்லையாகக் கொள்கின்றன. கண்காணிப்பு, சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு மூன்றையும் ஒப்பிட்ட பிரித்தானியாவின் புரொடெக்ட் ஆய்வு 2023இல் வெளியிட்ட முடிவுகளின்படி, 15 ஆண்டுகளில் இந்நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 3 சதவீதத்தினரே. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் 50 முதல் 69 வயதினர் என்பதால் அதை அப்படியே பெரியப்பாவுக்குப் பொருத்த நான் தயங்குகிறேன்.

வயதை மட்டும் வைத்துக் கணிப்பதில்லை. நீரிழிவு, இதயநோய், உடல் மெலிவு, ஞாபகசக்தி எல்லாவற்றையும் விசாரித்தபின், தாதி தரையில் 4 மீற்றர் அளந்து, வழமைபோல் நடக்கச் சொல்லி நேரம் குறித்தார். செக்கனுக்கு 0.8 மீற்றர் நடப்பவருக்கு அவ்வயதின் இடைநிலை ஆயுளை (அவ்வயதினரில் பாதிப்பேர் எட்டும் ஆயுளை) எதிர்பார்க்கலாமாம். இன்றும் வயலுக்குச் சைக்கிளில் போகிறவர் அதைச் சுலபமாகத் தாண்டினார் (பிறந்த ஆண்டை மட்டும் பார்த்துக் கைவிரித்த உறவினர் கவனிக்கவும்).

எனினும் கிளீசன் மதிப்பெண் (நுணுக்குக்காட்டியில் புற்றுக்கலங்கள் எவ்வளவு தீவிரமாகத் தெரிகின்றன என்பதன் அளவு) 6, அதாவது மெதுவாக வளரும் வகை, ஆகையால், இப்போதைக்குக் கதிர்வீச்சு வேண்டாம், பீ.எஸ்.ஏ. பரிசோதனையுடன் (புரொஸ்டேட் சுரக்கும் புரதத்தை இரத்தத்தில் அளப்பது) கண்காணிப்போம் என்பதே முடிவு. அந்த அளவு விரைவாகக் கூடினால் மறுபடி பேசுவார்கள்.