புதுப்பிப்பு: மகள்ட ஆழம் பார்க்கிற டெஸ்ட் விஷயம்

முந்தி கேட்டிருந்தேன் தானே, சோம்பல் கண்ணுக்கு (ஒரு கண்ல பார்வை சரியா வளராதது) வைத்தியம் பார்க்கிற மகளுக்கு ஒரு இடத்தில ஈ படம் இருக்கிற டிட்மஸ் டெஸ்ட் செஞ்சு ஆழம் (ரெண்டு கண்ணும் சேர்ந்து எது கிட்ட, எது தூரன்னு பார்க்கிறது) நல்லா தெரியுதுன்னாங்க, இன்னொரு இடத்தில சிவப்பு பச்சை கண்ணாடி போட்டு டிஎன்ஓ டெஸ்ட் செஞ்சு ஒண்ணுமே தெரியல்லன்னாங்க, எதை நம்புறதுன்னு.

இப்ப வெள்ளவத்தையில ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம். அவங்க மகள்ட ஒரு கண்ணை மூடிட்டு டிட்மஸ் புத்தகத்தில இருக்கிற வட்டங்களை காட்டி, எது எழும்பி நிக்குதோ அதை தொடச் சொன்னாங்க, அப்பவும் முதல் ரெண்டு மூணை சரியா தொட்டா! அந்த பெரிய வட்டங்கள் கொஞ்சம் பக்கமா விலகி தெரியுறதால ஒத்தக் கண்ணாலயே கண்டுபிடிக்கலாமாம். டிஎன்ஓவில வெறும் புள்ளிகள் தான், அந்த வழி கிடையாது. டிட்மஸ் புத்தகத்தை தலைகீழா பிடிச்சா ஈ தாளுக்கு உள்ள போன மாதிரி தெரியணும், அதையும் கேட்டு பார்த்தாங்க, எனக்கு அது ரொம்ப பிடிச்சது.

ஆனா பிள்ளை களைச்சுப் போயிருந்தா டிஎன்ஓவும் தவறும், அதால இன்னொரு நாள் திரும்ப செய்வாங்க. தயவு செஞ்சு எந்த டெஸ்ட், என்ன தூரம், பவர் கண்ணாடி போட்டிருந்ததான்னு எழுதி வாங்குங்க, டிட்மஸ்ல வர்ற மார்க் நம்பரையும் டிஎன்ஓ நம்பரையும் பக்கத்தில வச்சு கூடிட்டு குறைஞ்சிட்டுன்னு பார்க்க ஏலாது.