அடுக்ககத்தில் ஆட்டிசப் பிள்ளைகளுக்கு இணக்கமான சூழலை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கோவைத் தாய்

அனைவருக்கும் வணக்கம். கோவையில் 140 வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தில் ஆறு ஆண்டுகளாக வசிக்கிறோம். என் மகனுக்குப் பதினொரு வயது. ஆட்டிசம் என்பது மூன்றரை வயதிலேயே உறுதியாகிவிட்டது. பேச்சு மிகக் குறைவு என்பதால் பட அட்டைகளைக் காட்டித்தான் தனக்கு வேண்டியதைச் சொல்வான். மகிழ்ச்சி வந்தால் கைகளை உதறிக்கொண்டு குதிப்பான். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினால் காதைப் பொத்திக்கொண்டு இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவான்.

சென்ற மாதம் பூங்காவில் ஊஞ்சல் அருகே நின்ற ஒரு சிறுமியைத் தள்ளிவிட்டான். அது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. அன்றே அந்த வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அன்றிரவு குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் தொடங்கிய பேச்சு, வளர்ப்பு சரியில்லை என்பதில் ஆரம்பித்து, “இப்படிப்பட்ட பிள்ளைகளை மாலை ஐந்து முதல் ஏழு வரை பூங்காவுக்கு அழைத்து வர வேண்டாம்” என்ற கோரிக்கையில் போய் நின்றது. சங்கச் செயலர் அதைத் தீர்மானமாக்காமல் ஒத்திவைத்திருக்கிறார்.

இந்தச் சச்சரவுக்குப் பிறகுதான் ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமையும் மிகுந்த துறுதுறுப்பும்) உள்ள ஒரு சிறுவனும் டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்) உள்ள ஒரு பெண்ணும் இதே வளாகத்தில் இருப்பது தெரியவந்தது. இரண்டு வீட்டாரும் இத்தனை நாள் வெளியே சொல்லவில்லை. ஆட்டிச விழிப்புணர்வு நாளான ஏப்ரல் 2 அன்று ஒரு மருத்துவரை அழைத்துக் கூட்டம் நடத்தலாம் என்று எண்ணுகிறோம். இது சரியான தொடக்கமா?

பதில் 1: சிறப்பாசிரியர், 19 ஆண்டுகள்

கூட்டம் நடத்துவதில் தவறில்லை, ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள் என்பதே என் கருத்து. அப்படிப்பட்ட கூட்டங்களுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே உங்கள்மேல் அன்பு கொண்டவர்கள்தாம். மேலும், மருத்துவர் அறிகுறிகளை வரிசையாகச் சொல்லிவிட்டுப் போனபின், கேட்டவர்கள் உங்கள் மகனை அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்குவார்கள். வளர்ப்பைக் குறை சொல்வதும் புதிதன்று. லியோ கேனர் 1943-இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை விவரித்த பின், பாசமற்ற தாய்மார்களே இதற்குக் காரணம் என்ற கொள்கை அமெரிக்காவில் பல ஆண்டுகள் கோலோச்சியது. ஆட்டிச மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் 1964-இல் அதை மறுத்து எழுத வேண்டியிருந்தது.

முதலில் வளாகத்தின் காவலர்களிடம் பேசுங்கள். உங்கள் மகனை ஒரு நாளில் அதிகம் பார்க்கும் வெளியாட்கள் அவர்கள்தாம். அவன் பெயர் என்ன, எந்த வீடு, தனியே வாசல்பக்கம் வந்தால் யாரை அழைக்க வேண்டும், அவனிடம் எத்தனை சொற்களில் பேச வேண்டும் என்பதைப் பத்து நிமிடங்களில் சொல்லிவிடலாம். அடுத்து, பூங்காவில் தினமும் விளையாடும் பிள்ளைகள். பெரியவர்களுக்கு மூன்று கூட்டங்களில் புரியாதது அவர்களுக்கு ஒரே மாலையில் புரிந்துவிடும். “அவனுக்குக் கூச்சல் வலிக்கும்” என்ற ஒரு வாக்கியமே போதும்.

விழாக்களில் நான் எப்போதும் கொலுவைத்தான் பரிந்துரைப்பேன். வருவது, பொம்மைகளைப் பார்ப்பது, சுண்டல் வாங்கிக்கொண்டு கிளம்புவது என்று முதலும் முடிவும் தெளிவாக உள்ள பழக்கம் அது. பத்து நிமிடத்தில் எழுந்து போனாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஒலிபெருக்கி வைத்து நடத்தும் அடுக்ககப் பொங்கல் விழா இதற்கு நேர்மாறானது. அங்கே முதல் அரைமணி நேரத்தை ஒலிபெருக்கி இல்லாமல் நடத்தும்படி சங்கத்திடம் கேட்டுப் பாருங்கள். முதியவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும்கூட உங்கள் பக்கம் சேர்வார்கள்.

பதில் 2: மென்பொருள் சோதனையாளர், சென்னை

எனக்கு முப்பத்தொன்றாம் வயதில்தான் ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் இருப்பது தெரிந்தது. சிறப்பாசிரியர் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன்; கொலுவைப் பற்றி மட்டும் ஒரு தயக்கம். சிறுவயதில் என்னையும் வீடு வீடாக அழைத்துப் போவார்கள். கண்ணைப் பார்த்துப் பேசு, ஒரு பாட்டுப் பாடு, கையை ஆட்டாதே என்று கிளம்பும்போதே பாடம் நடக்கும். நான் நன்றாகவே நடித்தேன். வீடு திரும்பியதும் அலமாரிக்குப் பின்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன் என்பது வெளியே யாருக்கும் தெரியாது. கைகளை உதறுவது உங்கள் மகனுக்கு நிம்மதி தருகிறதென்றால், அழைக்கும் வீட்டில் அதற்கும் இடம் இருக்க வேண்டும்.

ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறர் மனம் புரியாது என்று நீண்டகாலம் சொல்லி வந்தார்கள். தாமே ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற பிரித்தானிய ஆய்வாளர் 2012-இல் இதைத் திருப்பிப் போட்டார்: புரியாமை இரு பக்கமும் உண்டு, எங்களைப் பிறருக்கும் புரிவதில்லை, ஆனால் குறை மட்டும் எங்கள் கணக்கில் எழுதப்படுகிறது. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததும் அதுவே. தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் எங்களைக் குறிக்கும் “புறஉலகச் சிந்தனையற்றோர்” என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். பக்கத்து வீட்டுக் குழல்விளக்கின் ரீங்காரம்வரை காதில் விழுகிறவனுக்கா புறஉலகம் இல்லை?

உங்கள் பதிவில் செயலர், மருத்துவர், அண்டைவீட்டார் எல்லாரும் வருகிறார்கள். அந்தப் பூங்காவில் எது பிடிக்கவில்லை என்று உங்கள் மகனிடம் கேட்டீர்களா?

பதில் 3: புகார் சொன்ன பக்கத்தில் இருந்தவன்

எங்கள் வளாகத்தில் இதேபோன்ற ஒரு சிறுவனைக் குறித்துக் குழுவில் கடுமையாக எழுதியவர்களில் நானும் ஒருவன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். எங்களிடம் இருந்தது வெறுப்பன்று, பயம். அவன் ஓடிவரும்போது விலகுவதா, கையைப் பிடிப்பதா, பெயர் சொல்லி அழைப்பதா என்பதை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. ஒருநாள் அவன் தாத்தா, “கையைப் பிடிக்காதீர்கள், முன்னால் போய் நிற்காதீர்கள், ஒரு ஓரமாக நின்று மெதுவாகப் பெயரைச் சொல்லுங்கள்” என்றார். அந்தப் பிரச்சினை பாதி அன்றே தீர்ந்தது. தள்ளப்பட்ட சிறுமியின் பெற்றோரையும் உங்கள் முயற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தையின் பயமும் உண்மைதானே.

பதில் 4: 26 வயது மகனின் தந்தை, திருச்சி

சகோதரிக்கு வணக்கம். சட்டத்தைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் பட்டியலில் உள்ள 21 வகைகளுள் ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் (டிஸ்லெக்சியா இதில் சேரும்) அடங்கும். மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொதுப் பார்வையில் படும்படி வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்க அதன் 92-ஆம் பிரிவு இடமளிக்கிறது. பூங்காவுக்கு வரக்கூடாது என்று சங்கம் தீர்மானமே போட்டுவிட்டால் எழுத்துமூலம் எதிர்த்து, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரை அணுகுங்கள். அதுவரை இதை மடியில் வைத்துக்கொண்டு, வெளியே சுண்டலையே நீட்டுங்கள். சட்டப்பிரிவை முதலில் காட்டிய ஒரு குடும்பத்துடன் அண்டைவீட்டார் அதன்பின் பேசவே இல்லை என்பதை நேரில் கண்டவன் நான்.

நீங்கள் மூன்று குடும்பங்கள் இருக்கிறீர்கள்; இது பெரிய பலம். மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடித் தேநீர் அருந்துங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யூடிஐடி அட்டைக்கு விண்ணப்பிப்பது, மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீட்டில் ஆட்டிசம் உள்ள உங்கள் மகனைச் சேர்ப்பது (ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை மருத்துவச் செலவு கிடைக்கும்), பதினெட்டு வயதுக்குப் பின் பாதுகாவலர் தேவைப்பட்டால் மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிப்பது ஆகியவற்றை அங்கேயே பேசிக்கொள்ளலாம். நான் இவற்றை அலுவலகம் அலுவலகமாக அலைந்து தனியே கற்றேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குழந்தையாக இருந்தபோது என் மகனைக் கொஞ்சியவர்கள், மீசை முளைத்தபின் அதே குதிப்பைக் கண்டு ஒதுங்கினார்கள். இன்று உங்கள் மகனுடன் ஊஞ்சலாடும் பிள்ளைகள் அவனுடனேயே வளர்வார்கள் என்பதால்தான், மாலை ஐந்து முதல் ஏழு வரையிலான அந்த நேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. ஏப்ரல் கூட்டத்தை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். அந்தச் சிறுமியின் தாயாரிடம் நேற்று பேசினேன். ஒரு மணி நேரம் இருவருமே அழுதோம், பின்பு காபி குடித்தோம்.

சென்னை நண்பர் கேட்டதற்கு நேர்மையான பதில், நான் மகனிடம் கேட்கவே இல்லை என்பதுதான். பூங்கா, ஊஞ்சல், பிள்ளைகள், நாய், விளக்கு என்று படங்களை நேற்று மாலை அவன் முன் பரப்பி, பிடிக்காததை எடுத்துத் தரச் சொன்னேன். எதையும் தொடவில்லை. சற்று நேரம் கழித்து, காவலர் ஊதும் விசிலைப் போலவே வாயால் இருமுறை ஒலி எழுப்பிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டான். தள்ளிவிட்ட அன்றும் விசில் ஊதினார்களா என்பது எனக்கு நினைவில்லை. பூங்காப் பக்கம் இனி விசிலுக்குப் பதிலாகக் கையசைத்துக் கூப்பிடுவதாகக் காவலர் ஒப்புக்கொண்டிருக்கிறார். விசிலுக்கு ஓர் அட்டை வரைந்து அவனுடைய பட அட்டைகளோடு சேர்த்துவிட்டேன்.