கிணற்றுத் தண்ணீர் எத்தனை லீற்றர்? அவசரம்

புதுக்குடியிருப்புப் பிள்ளை:
வணக்கம். வெள்ளம் வடிந்துவிட்டது, கிணற்றுக்குக் குளோரின் போட வேண்டும். எத்தனை லீற்றர் தண்ணீர் நிற்கிறது என்று பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேட்கிறார். 12 அடி, 8 அடி. யாராவது கெதியாகச் சொல்லுங்கோ.

ஒட்டுசுட்டான் கமம்:
எது 12, எது 8? வட்டக் கிணறா, சதுரமா? 8 அடி என்பது தண்ணீரின் ஆழமா, கிணற்றுக் கட்டிலிருந்து அடிவரையா?

புதுக்குடியிருப்புப் பிள்ளை:
வட்டம். அகலம் 12. தண்ணீர் மட்டும் 8.

கணக்கு வாத்தியார்:
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை செய்யும் கணக்கு இது. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 0.785ஆலும் பிறகு ஆழத்தாலும் பெருக்க வேண்டும். கிட்டத்தட்ட 905 கன அடி வரும். ஒரு கன அடி 28.3 லீற்றர். ஆகவே சுமார் 25,600 லீற்றர். இனியாவது கேள்வியை முழுதாக எழுதப் பழகுங்கள்.

ரொறன்ரோ மாமா:
இணையத்தில் போட்டுப் பார்த்தேன், 6,768 கலன்.

கணக்கு வாத்தியார்:
அது அமெரிக்கக் கலன், 3.785 லீற்றர். எங்கட ஆட்கள் சொல்லும் கலன் பிரித்தானியக் கலன், 4.546 லீற்றர். அதில் 5,636தான் வரும். பார்க்காமல் எழுதினால் பிள்ளை குழம்பிப் போகும்.

ரொறன்ரோ மாமா:
நான் கலன் என்றுதானே எழுதினேன், பிழையாக ஒன்றும் சொல்லவில்லையே. இரண்டையும் லீற்றருக்கு மாற்றிப் பாருங்கோ, ஒரே தண்ணீர்தான்.

முள்ளியவளை பம்ப்:
இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? இரண்டு இஞ்சி மோட்டரைப் போட்டு இறையுங்கோ. மணிக்கு எத்தனை லீற்றர் என்று மோட்டரிலேயே எழுதியிருக்கும். வற்ற எடுத்த நேரத்தால் பெருக்கினால் முடிந்தது.

ஒட்டுசுட்டான் கமம்:
அண்ணை, மோட்டரில் எழுதியிருப்பது ஆகக் கூடிய அளவு. ஆழத்திலிருந்து இழுக்கும்போது அவ்வளவு வராது. இறைக்க இறைக்க ஊற்றும் சுரக்கும், அதையும் சேர்த்துத்தான் எண்ணுவீர்கள்.

மாங்குளம் மேசன்:
தங்கச்சி, 12 அடியை எங்கே வைத்து அளந்தீர்கள்? கட்டின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளவு நாடா பிடித்தால் சுவரும் சேர்ந்துவிடும். சுவர் 9 அங்குலம் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை அடி. உள்ளே பத்தரை அடிதான் மிஞ்சும். அப்படியென்றால் 693 கன அடி, 19,600 லீற்றர். கிட்டத்தட்ட கால்வாசி குறைந்துபோகும். கலன் சண்டையை விட்டுவிட்டு முதலில் உள் அளவைப் பாருங்கோ. குளோரின் கூடினால் வாயில் வைக்க ஏலாது. மணல் அளக்கும் கணக்கில் சொன்னால் இது 7 கியூப்.

முள்ளியவளை பம்ப்:
ஒரு கியூப் என்றால் 3 கன மீற்றர். அப்ப 21,000 வருமே?

மாங்குளம் மேசன்:
இல்லை. ஒரு கியூப் 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். 3 என்று எண்ணினால் 10 கியூப் மணலில் அரைக் கியூபுக்கு மேல் கணக்குப் பிசகும்.

ரொறன்ரோ மாமா:
நான் ஊரில் வீடு கட்டியபோது ரிப்பர் லொறியில் வந்த மணல் ஒருநாளும் முழு கியூப் இல்லை.

மாங்குளம் மேசன்:
இறக்க முதல் பெட்டியை அளக்க வேண்டும் ஐயா. 8 அடி நீளம், 5 அடி அகலம், இரண்டரை அடி உயரத்துக்கு மட்டமாக மணல் நின்றால்தான் ஒரு கியூப். நடுவில் குவித்துவிட்டு ஓரத்தைத் தாழவிட்டு வருவார்கள், அதைக் கவனிக்க வேண்டும்.

கணக்கு வாத்தியார்:
கேள்வி கிணற்றைப் பற்றியது. மணலுக்கு வேறு இழை திறவுங்கள்.

புதுக்குடியிருப்புப் பிள்ளை:
மேசன் அண்ணை, உள்ளே பத்தரை அடிதான். 19,600 என்று பி.எச்.ஐயிடம் சொல்லிவிட்டேன், நாளை காலை தூள் கொண்டு வருகிறாராம். நன்றி.

முள்ளியவளை பம்ப்:
ரைக்ரர் பெட்டிக்கும் இதே அளவா, மேசன்?